வெயிலுக்கா பஞ்சம்?

திருநெல்வேலிச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம் என்றுதான் நானும் டாக்டரிடம் கேட்டேன். சித்தியின் ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் என்று சீட்டில் இருந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதானாம்.

சித்தி முக்கூடல் பக்கம். முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறார். சமையலை முடித்துவிட்டு மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால், நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி முடியும் வரை எழுந்திருப்பது அபூர்வம். உட்காருவதும் உள்வீட்டில்தான். பீடிக்கடைக்குப் போவது வெயில் தாழ்ந்த பிறகு. தெருவில் கொளுத்துகிற வெயிலுக்கும் சித்திக்கும் நடுவே எப்போதும் ஒரு கூரை இருந்தது.

"எலும்புக்குள்ள குடையுத மாதிரி இருக்குய்யா" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தரையிலிருந்து எழும்போது ஒரு கையை ஊன்றி, மறு கையால் கதவு நிலையைப் பிடித்து, கொஞ்சம் நின்றுதான் நிமிர்வார். "வயசாயிட்டுல்லா" என்றோம் எல்லோரும். சித்திக்கு வயது 52! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதலில் போன கிளினிக்கிலும் வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தைக் குடல் சரியாக எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது இல்லையென்றால் கேப்பைக்கூழ் எத்தனை செம்பு குடித்தாலும் சத்து முழுசாகச் சேராது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். பிள்ளைகளுக்குக் கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு வலுவிழந்து வலிக்கும், தொடைச் சதை தளரும். சித்தி நிலையைப் பிடித்து எழுந்தது அதனால்தான்.

இளவெயில் நல்லது என்று ஆறு மணிக்கு வாசலில் நிற்கிறோம். நிற்கலாம், ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அந்தச் சாய்ந்த வெயிலில் மிகவும் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது உதவாது. நம் கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் வேண்டும். சாளை மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இந்தச் சத்து இருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய குறையை அவை மட்டும் சரிக்கட்டாது.

சித்திக்கு 60,000 யூனிட் பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் கடையில் வாங்கப் பார்த்தார், தடுத்துவிட்டேன். இது உடம்பில் தங்கும் சத்து. அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகம் கெடும். பரிசோதித்து, டாக்டர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும்.

பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இந்தத் தொழிலாளர்களுக்கென்றே மருந்தகங்களும் இருக்கின்றன. எலும்பு வலி என்று அங்கே வரும் பெண்களுக்கு இந்த ஒரு ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும். வெளியே லேபில் கேட்கிற காசு, பல வீடுகளில் சில நாள் பீடிக்கூலி. அதனாலேயே வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் தட்டை நகர்த்திவிட்டுக் காபி போட எழுந்தார். கை நிலைக்குப் போகவில்லை.