அத்தை இரட்சிக்கப்பட்ட தேதி

போன மாதம் அத்தை தவறிவிட்டார். நரிமேட்டு வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜெபித்து முடித்த ஒரு சகோதரர் என்னை வாசல் பந்தலுக்குத் தள்ளிக்கொண்டு போய், "அம்மா எப்போ இரட்சிக்கப்பட்டாங்க பிரதர்? தேதி தெரியுமா?" என்றார்.

இயேசுவை ஏற்றுக்கொண்டு மனம் திரும்பிய நாளைத்தான் கேட்கிறார். தெரியாது. அத்தைக்கே தெரிந்திருக்காது. தன் கல்யாணத் தேதியையே சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்த்துத்தான் சொல்வார்.

நல்ல மனிதர்தான், குத்தலாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. உடனே, "எங்க அத்தை எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்காங்க தெரியுமா" என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவர் கேட்டது ஒரு சான்றிதழ் என்றால், நான் நீட்டப்போனது இன்னொரு சான்றிதழ்.

பைபிளில் எபேசியர் 2:8 நம் சபைகளில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, அது தேவனுடைய ஈவு. அடுத்த வசனம்தான் வசதியாக மறந்துவிடும்: ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது என்பதற்காகவே அது கிரியைகளினால், அதாவது நம் செயல்களால், உண்டாகவில்லை. இப்போது தேதி, கண்ணீர், மேடைச் சாட்சி எல்லாம் சேர்ந்து விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிட்டன. 1517-இல் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் சண்டை போட்டது காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டோடு. நம் சீட்டில் விலை இல்லை, தேதி இருக்கிறது.

அப்படியானால் புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதிய யாக்கோபை என்ன செய்வது என்பீர்கள். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறாரே. லூத்தருக்கே அது இடித்தது. 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். எனக்கு இடிக்கவில்லை. மாட்டுத்தாவணியில் பூ வாங்கிவந்து காய்ந்த குச்சியில் கட்டினால் அது மல்லிகைச் செடி ஆகாது. அதே சமயம், வேர் பிடித்த செடி வருஷக்கணக்கில் பூக்கவே இல்லையென்றால் சந்தேகப்படத்தானே செய்வோம்?

இதைப் பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையே கையெழுத்திட்டார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் தேவன் நம்மை ஏற்கிறார் என்று. மதுரையில் சம்பந்தம் பேசும் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அது வேறு கதை.

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் தேதி கேட்டால் ஒன்றுதான் சொல்லியிருப்பான்: இன்றைக்கு. ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, இறங்கிவந்து நல்லது செய்ய நேரமும் இல்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அவ்வளவுதான்.

சகோதரர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி தெரியாது பிரதர். தினமும் விடியக்காலையில 'ஏசப்பா, பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் அடுப்பப் பத்தவைப்பாங்க. அது தெரியும்."

அவர் தலையாட்டினார். அதற்குள் மூத்த மச்சான், கல்லறைக்கு வேன் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்.