காரோயி கட்சியைக் கவிழ்த்தது சமாதானக் கொள்கையா?

முதல் உலகப் போரின் முடிவில் ஹங்கேரி மண்ணை இழந்ததற்கு, அப்போது ஆட்சிக்கு வந்த மிஹாய் காரோயியின் சமாதானக் கொள்கைதான் காரணம் என்று அந்நாட்டு வலதுசாரிகள் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொள்கை சரிதான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

1916 ஜூலையில், போருக்குத் துணைபோன பெரிய சுதந்திரக் கட்சியிலிருந்து காரோயி தலைமையில் வெளியேறித் தனிக் கட்சி தொடங்கியவர்கள் சுமார் 20 எம்.பி.க்கள். அவையில் மொத்த இடங்கள் 453. யார் மண்ணையும் பறிக்காத சமாதானம், ஆஸ்திரியாவோடு பொதுவான மன்னரைத் தவிர வேறு பிணைப்பு இல்லாத சுதந்திரம், நிலச் சீர்திருத்தம், எல்லோருக்கும் ரகசிய ஓட்டு. இவைதான் கேட்டவை. கடைசியானது ஒப்புக்குச் சொன்னதல்ல. அப்போது ஓட்டுரிமை மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதத்தினருக்குத்தான். கிராமத்தான் ஓட்டை அதிகாரி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டான் என்பது பண்ணையாருக்குத் தெரியாமல் போகுமா?

1910க்குப் பிறகு பொதுத்தேர்தலே நடக்கவில்லை. ஆக, ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்திக்காமலேயே இந்தக் கட்சி 1918 அக்டோபர் 31 அன்று ஆட்சியில் உட்கார்ந்தது. சமூக ஜனநாயகவாதிகளும் சிறுபான்மை இனங்களுக்குச் சுயாட்சி வேண்டும் என்ற யாசியின் தீவிர சீர்திருத்தக் கட்சியும் கூட்டு. தெரு அவர்கள் பக்கம், கிராமத்தில் அமைப்பு பலவீனம்.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். நவம்பர் 2: போர் அமைச்சர் லிண்டர், இனி சிப்பாய்களையே பார்க்க விரும்பவில்லை என்று பேசுகிறார்; ஆயுதத்தைக் கீழே போட உத்தரவு. நவம்பர் 13: பெல்கிரேடில் போர்நிறுத்த ஒப்பந்தம். எல்லைக்கோடு பேசி முடிப்பதற்குள் படை கலைந்தாயிற்று. (உத்தரவே இல்லாவிட்டாலும் பாதிப்பேர் வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பார்கள், அது வேறு விஷயம்.) ஒப்பந்தத்தில் தெற்கிலும் கிழக்கிலும் கோடு உண்டு, வடக்கில் இல்லை. டிசம்பரிலேயே வடக்கில் இருந்த ஸ்லோவாக்கியாவைக் காலி செய்யச் சொல்லி நேச நாடுகளின் கடிதம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் விட்ட அந்த ஓட்டை வழியாகத்தான்.

இன்னொரு ஓட்டை உள்ளேயே இருந்தது. 1910 கணக்கெடுப்பில், குரோவேஷியாவையும் சேர்த்தால் மாஜர் (ஹங்கேரிய) மொழிக்காரர்கள் 48 சதவீதம்தான். தனக்குச் சுதந்திரம் கேட்கிறவன், பக்கத்தில் இருக்கும் ருமேனியனும் அதையே கேட்பான் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டாமா? யாசி சுயாட்சித் திட்டத்தோடு ருமேனியர்களிடம் பேச அராத் நகருக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. கிடைத்த பதில்: முழுப் பிரிவினை. பத்து வருடம் முன்னால் கொடுத்திருந்தால் விலைபோயிருக்கும்.

நிலச் சட்டமும் அப்படித்தான். 1919 பிப்ரவரியில்தான் வந்தது. வரம்பு 500 ஹோல்டு, ஒரு ஹோல்டு அரை ஹெக்டேருக்குச் சற்று மேல். பிப்ரவரி 23 அன்று காப்போல்னாவில் தன் சொந்தப் பண்ணையைப் பிரித்துக் கொடுத்து காரோயி தொடங்கிவைத்தார். மார்ச் 20 அன்று பிரெஞ்சு அதிகாரி விக்ஸ் இன்னும் பின்வாங்கச் சொல்லிக் கடிதம் நீட்டினார். மறுநாள் ஆட்சி கம்யூனிஸ்ட் தலைவர் பெலா குன்னின் கையில். அந்த மே, ஜூனில் வடக்கே படை திரட்டிப் போய்ச் சண்டையிட்டது அவர்கள்தான், கம்யூனிஸ்டுகள்.