சமரசம் பேச ஒரு குழு, தீர்ப்புச் சொல்ல ஒரு குழு

இணையக் குழுக்களின் சண்டையைத் தீர்க்க ஒரே தன்னார்வலர் குழு போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை, இரண்டு வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடக்கத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே பஞ்சாயத்து செய்துவந்தார். ஆள் பெருகியதும், 2003 இறுதியில், சமரசக் குழு, நடுவர் குழு என இரண்டை அறிவித்தார். சமரசத்துக்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். நடுவர்கள் ஒருவர் அங்கே எழுதவே தடை விதிக்கலாம். ஆனால் ஆட்களின் நடத்தை பற்றி மட்டுமே தீர்ப்பு, எழுதிய விஷயத்தைப் பற்றி அல்ல. அந்த வரம்பு மிக அவசியம்! உதாரணமாக, போலந்து நகரமான க்டான்ஸ்க்கின் பெயரை ஒருவர் அதன் ஜெர்மன் பெயரான 'டான்சிக்' என்று மாற்ற, அடுத்தவர் பழையபடி திருத்த, நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். 2005-இல் நடுவர்கள் அல்ல, பயனர்களே வாக்களித்து, 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக், மற்றதற்கு க்டான்ஸ்க் என முடித்தார்கள். சமரசக் குழுவை 2018-இல் கலைத்துவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சண்டை முற்றுமுன் இருவரையும் உட்காரவைத்துப் பேச ஆள் வேண்டாமா?