‘நாங்கள்’ என்று சொல்லிப் போன புள்ளிகள்

இலங்கையில் ஒரு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) 11 வருடம் கணக்காளராக இருந்த தங்கச்சி ஒருவர், இங்கே கனடாவில் ஓர் அரச அலுவலகத்தில் ஒப்பந்த எழுதுவினைஞராக இருக்கிறார். போன மாதம் அதே அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகம். முடிந்த கையோடு எனக்கு அழைப்பெடுத்தார். “அண்ணா, ஒருத்தரும் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. குனிஞ்சு எழுதிக்கொண்டே இருந்தவை. என்னைப் பிடிக்கேல்லைப் போல.” குரல் உடைந்துவிட்டது.

பிடிக்காமல் இல்லை. இங்கே அரச வேலைக்கான நேர்முகம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, சொல்வதை எழுதி, பிறகு புள்ளி போடுவார்கள். சொன்னதற்குத்தான் புள்ளி. இருந்த மூவரில் ஒருவர் இவரோடு தினமும் வேலை செய்பவர். ‘அவருக்குத் தெரிந்ததை அவருக்கே ஏன் சொல்வான்’ என்று இவர் தன் பெரிய வேலைகளையெல்லாம் சொல்லாமல் விட்டுவிட்டார். சொன்ன கொஞ்சத்தையும் ‘நாங்கள் செய்தோம்’, ‘எங்கள் பிரிவு முடித்தது’ என்றே சொல்லியிருக்கிறார். ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை என்று சொல்லி வளர்த்த பிள்ளை. ‘நாங்கள்’ என்பதில் இவருடைய பங்கு எது என்று அந்தத் தாளில் எழுத முடியாது.

இதை நேர்முகத்துக்கு முதல் அரை மணித்தியாலம் இருந்து சொல்லிக் கொடுக்க அந்த அலுவலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை. என் மனவருத்தம் அதுதான்.

சட்டத்தில் கதவு திறந்துகொண்டுதான் வருகிறது. மத்திய அரசு வேலைகளில் வெளியாட்களைச் சேர்க்கும்போது குடியுரிமை உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று இருந்தது. 2021 இல் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அதே முன்னுரிமை வந்தது. ‘கனடிய அனுபவம்’, அதாவது கனடாவில் முதலே வேலை செய்திருக்கவேண்டும் என்று கேட்பது பாகுபாடாகவே கருதப்படும் என்று ஒன்ராறியோ மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இலேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது என்று ஒன்ராறியோவில் சட்டம். எல்லாம் நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் இவை எல்லாம் உள்ளே வரும்வரைக்கும்தான். உள்ளே வந்த பிறகு?

மத்திய அரசின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் நான்கு பிரிவினரைக் கணக்கெடுக்கிறது: பெண்கள், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், காணக்கூடிய சிறுபான்மையினர் (பூர்வகுடியினரைத் தவிர்த்து, வெள்ளையர் அல்லாதவர்கள்). குடிவரவாளர் என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. இங்கே ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் மகளும், இரண்டு வருடத்துக்கு முதல் வந்திறங்கிய இந்தத் தங்கச்சியும் அங்கே ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். என் மகளுக்கு அலுவலகத்தின் பாஷை தானாக விளங்கும். இவருக்கு விளங்காது.

பாஷை என்று நான் சொல்வது ஆங்கிலத்தை இல்லை. இவர் நல்ல ஆங்கிலம் எழுதுவார். ஒருநாள் மேலாளர் இவருடைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, “விரும்பினால் மூன்றாம் பக்கத்து இலக்கங்களை இன்னொருக்கால் பார்க்கலாம்” என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறார். இவர் தன் கணக்கில் நம்பிக்கை உள்ளவர். ஏற்கெனவே இரண்டு தரம் சரிபார்த்தும் விட்டார். ‘விரும்பினால்’ என்றுதானே இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டார். உண்மையில் அது ‘திருத்தி அனுப்பு’ என்ற உத்தரவு. ஆறு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில், ‘சொல்லும் கருத்துகளை ஏற்றுக்கொள்வதில் முன்னேற்றம் தேவை’ என்று ஒரு வரி. ஊரில் மேலதிகாரி ‘திருத்து’ என்றால் திருத்து, அவ்வளவுதான். அந்த மேலாளரும் கெட்டவர் இல்லை. மரியாதையாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். இரண்டு பக்கத்தையும் தெரிந்த ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பதவி உயர்வும் அப்படித்தான். இலங்கை அரச சேவையில் வருடம் எண்ணலாம், தரம் இருக்கிறது, தடைதாண்டல் பரீட்சை இருக்கிறது, சுற்றறிக்கை வரும். இங்கே யாராவது விடுமுறையில் போனால் அந்த இடத்தில் ‘பதில் கடமை’ பார்க்க ஒருவரைப் போடுவார்கள். அந்த அனுபவம்தான் பிறகு நிரந்தரப் பதவிக்கு ஏணி. அதற்கு வாய் திறந்து கேட்கவேண்டும். கேட்டால் அவமரியாதை என்று நினைப்பவர் பத்து வருடமும் அதே கதிரையில் இருப்பார்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தது ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு அம்மா. 17 வருடத்துக்கு முதல், வியாழக்கிழமைகளில் தன் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வருவார். நான் அனுப்பப்போகும் மின்னஞ்சலை வாசித்து, “இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்பார். அவரை என்றைக்கும் மறக்கமாட்டேன். ஆனால் அவர் செய்தது முழுக்கத் தன் சொந்த நேரத்தில். அவர் வேறு மாடியில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கே இருப்பேன்? ஓர் அரசாங்கம் இப்படியான தற்செயல்களை நம்பி இருக்கக்கூடாது.

வழிகாட்டலை யாருடைய கருணையிலும் விடாதீர்கள், வேலையாகக் கணக்கெடுங்கள். வழிகாட்டும் ஊழியருக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை நேரத்திலேயே ஒதுக்கவேண்டும். புதிதாய் வந்தவர் எத்தனை தரம் பதில் கடமை பார்த்தார், எத்தனை கூட்டத்தில் இருந்தார் என்று மேலாளரின் சொந்த மதிப்பீட்டில் கேட்கவேண்டும். ரொறன்ரோவில் குடிவரவாளருக்கான வழிகாட்டல் திட்டம் 2004 இலிருந்து நடக்கிறது. ஆனால் அதன் நோக்கம் தன் துறையில் வேலை தேடுபவரைத் தயார்ப்படுத்துவது. உள்ளே வந்தவருக்கு அதே அக்கறை வேண்டும். மத்திய அரசில் 2020 கடைசியில் தொடங்கிய ஒரு திட்டம் எனக்குப் பிடித்தது. அதில் வழிகாட்டியோடு பரிந்துரையாளரும் உண்டு. வழிகாட்டி உங்களோடு கதைப்பார். பரிந்துரையாளர் நீங்கள் இல்லாத அறையில் உங்களைப் பற்றிக் கதைப்பார். நம் ஆட்களுக்கு இரண்டாமவர்தான் அநேகமாகக் கிடைப்பதில்லை.

அரச வேலையில் இருக்கும் நம் தமிழருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ‘நான் தனியாகக் கஷ்டப்பட்டு வந்தேன், அவரும் வரட்டும்’ என்று சிலர் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தமிழ் ஆளுக்கு மட்டும் என்றும் இல்லை. பக்கத்து மேசையில் இருக்கும் எரித்திரியாக்காரருக்கும் இதே தடுமாற்றம்தான்.

தங்கச்சிக்கு வாற வியாழக்கிழமை இன்னொரு நேர்முகம். ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தோம். நான் வேண்டுமென்றே குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். “நாங்கள் அந்த வருடக் கணக்கை...” என்று தொடங்கினார், நிறுத்தினார். தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு, “நான் அந்த வருடக் கணக்கை...” என்றார்.