அந்தப் பொட்டலத்தில் இருந்த கோழித் துண்டு

இங்கே சிங்கப்பூரில், சிலுவைப் பாதை வழிபாடு முடிந்து கோவில் வளாகத்தில் அமர்ந்து சாப்பிட்ட அந்தத் தொழிலாளித் தம்பியின் படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. "தவக்கால வெள்ளியில் கோழிக்கறியா?" என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே வரிசையாக ஆமோதிப்புகள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிதோறும் கத்தோலிக்கர் இறைச்சி தவிர்ப்பது வழக்கம். பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வயிறு எரிகிறது.

அது அவர் தேர்ந்தெடுத்த உணவே அல்ல. விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலருக்குச் சாப்பாடு கேட்டரிங்கில்தான் வருகிறது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய உணவு. பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, அறைக்குப் போய்ப் படுக்காமல், பஸ் ஏறிச் சிலுவைப் பாதைக்கு வந்த மனிதர் அவர். படம் எடுத்தவர் கண்ணில் கோழித் துண்டு மட்டும் பட்டிருக்கிறது.

"சட்டம் சட்டம்தானே" என்பீர்கள். சரி, சட்டத்தையே பேசுவோம். 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வரை, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு. நோயாளிகளுக்கும் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கும் விலக்கு அளிப்பதும் அதே திருச்சபையின் மரபுதான். சட்டம் பேசுகிறவர்களுக்கு இது மட்டும் எப்படி மறந்துபோகிறது? மீனுக்குத் தடையில்லை என்பதால், அதே வெள்ளி இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கடையில் மீன் தலைக்கறியை வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சட்டப்படி குற்றமில்லை. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று கடவுள் அதில் கேட்கிறார். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்கிறார். வேலையாட்கள் என்று சொல்லியே கேட்கிறார். அதைக் கேட்ட காதோடுதான் இந்தப் படத்தையும் பகிர்ந்தீர்களா?

என் அம்மா துப்புரவு வேலை செய்தவர். தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருப்பார். மீனும் கறியும் வாங்காமல் மிஞ்சிய காசை மைலோ டின்னில் போட்டுவைத்து, ஈஸ்டருக்கு முன் கீழ்மாடியில் தனியாக இருந்த சீனப் பாட்டிக்கு அரிசி வாங்கிக் கொடுப்பார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வெள்ளிக்கிழமையும் அவர் தட்டில் கறி இருக்கும். வைத்தது அம்மாதான். அம்மாவின் பக்தியை யாராவது குறை சொல்லிப் பாருங்கள்.

"முஸ்லிம்கள் எவ்வளவு கட்டுப்பாடாக நோன்பிருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அவர்களும் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு அளிக்கிறார்கள். இங்குள்ள பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியை எந்த மதத்தவர் கேட்டாலும் கொடுக்கிறார்கள். அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வோமே.

நோன்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நானும் இருக்கிறேன். அது எனக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது.

கோழியைவிட எனக்கு வலிப்பது வேறு. பந்தல் போடவும் நாற்காலி அடுக்கவும் தேர் தூக்கவும் இந்தத் தம்பிகள் நமக்கு வேண்டும். விருந்தில் கடைசிப் பந்தி அவர்களுக்கு. எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? இப்போது முகம் மட்டும் ஊருக்கே தெரிந்துவிட்டது.

படத்தை இன்னும் நீக்கவில்லை. ஊரில் இருக்கும் அவர் வீட்டாருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கலாம். இன்றிரவுக்குள் நீக்குங்கள். அடுத்த வெள்ளி அவரிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நான் உடன் வருகிறேன்.