ஆறாம் அத்தியாயத்தில் அவள் சிரித்தது குற்றமாம்

மகன் காணாமல்போன ஒரு தாயைப் பற்றிய நாவலுக்கு நடந்த விமர்சனக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேரலை பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். காலையிலிருந்து ஏழு பேர் அதே துணுக்கை இன்பாக்ஸில் தள்ளிவிட்டார்கள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

மேடையில் ஒரு விமர்சகர் கேட்டது இது: "பிள்ளையைத் தொலைத்த தாய் டிவி காமெடி பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எந்தத் தாயாவது சிரிப்பாளா?" இதற்குக் கைதட்டல் வேறு.

சிரிப்பாள் சார். அவளுக்குப் பசிக்கும், பல் வலிக்கும், தூக்கம் வரும். சிரிப்பும் வரும். வந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கதை. நாவலில் அடுத்த பத்தியே அதுதான். அதைப் படிக்காமல் மேடை ஏறினால் நான் என்ன செய்ய?

இறந்துபோனால் அதற்கு ஒரு தேதி இருக்கிறது. உடல் இருக்கிறது. வந்தவர்கள் சேர்ந்து அழுவார்கள். காணாமல்போனால் அப்படி இல்லை. அழுதால் 'செத்துட்டான்'னு ஒத்துக்கொண்ட மாதிரி, சிரித்தால் மறந்துவிட்ட மாதிரி. பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் 1970களிலேயே, போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடெல்லாம் பேசி, இதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். 1999இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: குழப்பம் அந்தக் குடும்பத்தின் கோளாறு இல்லை, அந்த இழப்பே அப்படிப்பட்டது. நம் விமர்சகருக்கோ தாய் என்றால் தலைவிரிகோலமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நம்பகத்தன்மை போய்விடும்.

என் பெரியம்மா சிரித்திருக்கிறார். ஒரே ஒரு தடவை, சத்தமாக. அவர் மகன், என் அண்ணன், காணாமல்போய் எட்டு மாதம் இருக்கும். டிவியில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். நாங்கள் குழந்தைகள் சிரித்தோம், பெரியம்மாவும் சிரித்துவிட்டார். வந்திருந்த ஒரு உறவினர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பெரியம்மா எழுந்து போய் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடித்தார். அன்று அந்த உறவினர் பார்த்த பார்வைக்கும் கூட்டத்தில் விழுந்த கைதட்டலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"உன் வீட்டுக் கதையை வைத்து இலக்கியத்தை அளக்காதே" என்று வருவீர்கள். அளக்கவில்லை. 'எந்தத் தாயாவது' என்று கேட்டார், ஒரு தாயைச் சொன்னேன்.

"கடைசியில் பையன் கிடைத்தானா இல்லையா என்றே சொல்லவில்லை, வாசகனை ஏமாற்றிவிட்டார்" என்று இன்னொரு புகார். இயன் மெக்யூவன் 1987இல் எழுதிய 'தி சைல்ட் இன் டைம்' நாவலில் சூப்பர் மார்க்கெட்டில் தொலையும் மூன்று வயதுக் குழந்தை கடைசிவரை கிடைப்பதில்லை. இடையில் அந்த அப்பா, இல்லாத மகளின் பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கப் போவார். அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. முடிவு தெரியாமல் நானூறு பக்கம் உங்களால் பொறுக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருடமாக முடிவு தெரியாமல் சோறு வடிப்பவர்களை என்ன செய்வீர்கள்? போய்க் கைதட்டுங்கள்.

நாவலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. போலீஸ் வரும் பகுதி இழுவை. அவ்வளவுதான், அதைப் பற்றிப் பேச இப்போது மனசில்லை.

அந்த எழுத்தாளர் எனக்கு நண்பரும் இல்லை. ஜால்ரா என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் கவனிக்க.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த நாவலில் ஒரு தங்கை வருகிறாள். மூன்று மணி நேரக் கூட்டத்தில் ஒருவர்கூட அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அறை வாங்கி, பிறகு அரை மணி நேரம் கட்டிப்பிடிக்கப்படுகிறவள். அவளுக்குக் கோபப்படவும் உரிமை இல்லை.

நானும் அண்ணனும் ஒரே வயது. இரண்டு மாதம்தான் மூத்தவன், உயரமும் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் பெரியம்மா என்னைக் கதவோரம் நிற்கவைத்து, தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இவ்வளவு இருப்பான்ல?" யாரைக் கேட்கிறார் என்று தெரியாது. நான் அசையாமல் நிற்பேன். மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் நன்றாகப் படிக்கிறேனா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த எரிச்சலைச் சொல்ல முடியுமா? சொன்னால் நான் எப்பேர்ப்பட்ட பிள்ளை?

பதினைந்து வயதில் நான் வளர்வது நின்றுவிட்டது. ஆண்பிள்ளை இன்னும் வளர்ந்திருப்பானே. அந்த விடுமுறைக்கு நானாகவே போய்க் கதவோரம் நின்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ போய் விளையாடும்மா" என்றார்.