அந்தப் பை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நடந்ததை யாரோ எடுத்த வீடியோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரிந்த குடும்பம், பிள்ளை அம்மாவிடம் இருக்கிறது, அப்பா சனிக்கிழமைதான் வந்து பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள். அப்பா கையில் புது ஸ்கூல் பை, அதில் விலைச்சீட்டுகூட இன்னும் தொங்குகிறது. அம்மாவைப் பெற்ற தாத்தா பிள்ளையை ஆட்டோவுக்குள் இழுக்கிறார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அதற்குக் கீழே நம் ஊர்க்காரர்கள் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "கோர்ட் சொன்ன சனிக்கிழமை வராதவன் ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தான்?" என்று ஒருவர். அதற்கு அத்தனை லைக்.

அவர் சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நீங்கள் கேட்கலாமா? ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனிதான் தொழிலுக்குப் போகிறது. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒருவர் தொழிலுக்கு வராமல் நின்றால் அந்தப் படகில் வேறு ஆள் ஏறிவிடுவார். மதுரை வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஐஸ் பெட்டி சுமந்து வளர்ந்த நமக்குத் தெரியாதா? இரவு முழுக்க வலை இழுத்துவிட்டு, தூங்காத கண்ணோடு கடையில் பை வாங்கி வந்து நின்றவரைத்தான் பொறுப்பில்லாதவர் என்கிறீர்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். அப்பாவைப் பார்க்கிற நேரம் பிள்ளைக்குச் சொந்தம். நாம் என்னவோ அப்பனுக்குப் போடுகிற பிச்சை மாதிரி அதைப் பேசுகிறோம். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமே பிள்ளையின் நலனைத்தான் பார்க்கச் சொல்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டம் ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொன்னாலும், எல்லாவற்றுக்கும் மேலே நலனைத்தான் வைக்கிறது. அங்கும் இங்கும் தூக்கிப் போடுவதற்குப் பிள்ளை உயிரில்லாத பொருள் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நேரில் முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேசவிடச் சொன்னது. நாம் போனை எடுப்பதுகூட இல்லை.

"ஜீவனாம்சம் ஒழுங்காக் கட்டாதவனுக்குப் பிள்ளை எதுக்கு?" கட்டவில்லையென்றால் மனுப் போடுங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவாக இருந்தது இப்போது புதுச் சட்டத்தில் 144ஆவது பிரிவு. வாங்குவதற்கு வழி இருக்கிறது. பிள்ளையை அடகு வைத்தா வாங்குவது?

"அடிக்கிறவன்கிட்டயும் விடுவியா?" விட மாட்டேன். ஆபத்து என்றால் பார்க்கவே விடாமல் நிறுத்த 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்கள் பக்கம்தான் நான் எப்போதும் நிற்பேன். ஆனால் இந்த மனிதர் மேல் அந்தக் குடும்பமே அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததை நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

அப்புறம் ஒரு அக்கா, எனக்குத் தெரிந்தவர்தான், "பொம்பளையா இருந்துக்கிட்டு ஆம்பளைக்குப் பரிஞ்சு பேசாத" என்று எழுதியிருக்கிறார். அக்கா, ஒன்பது வருஷமாகப் பிள்ளையைத் தனியாக வளர்க்கிறவள் நான். காய்ச்சலில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு பஸ்சுக்கு நின்றவள் நான். அந்த வலியை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அதனால்தான் இதையும் சொல்கிறேன். பிரிந்த முதல் வருஷம், ஒரு காலை நேரம், அவன் அப்பா படகுத்துறையிலிருந்து போன் பண்ணினார். கடலுக்குப் போவதற்கு முன் பையனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். "தூங்குறான்" என்று வைத்துவிட்டேன். பையன் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லியைச் சீனியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தடவை போன படகைத்தான் இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனது. நாற்பது நாளுக்கு மேல் அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது. ஒருநாள் இரவு பையன் இருட்டில் கேட்டான்: "அம்மா, அன்னைக்கு நான் முழிச்சுத்தானே இருந்தேன்?"

அவர் திரும்பி வந்த பிறகு நான் கோர்ட் தேதியைப் பார்க்கவில்லை. எந்த வக்கீலும் எங்களுக்கு எழுதித் தரவில்லை, நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், அவரும் கரையில் இருப்பார், பள்ளிக்கூடமும் மே மாதம் லீவு. அந்த லீவு முழுக்கப் பையன் அவரிடம். வலை முடிச்சுப் போட அங்கேதான் கற்றுக்கொண்டான். முதல் வருஷம் அவனை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் அனுப்பினேன். நம் கரையில் பிரிந்த குடும்பங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு வக்கீலும் சேர்ந்து ஒரு மனுவில் கேட்டால் நீதிபதி மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்? பாதி வழக்கில் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சொந்தக்காரர்களுக்கும் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "அப்பா வந்தானா, காசு குடுத்தானா, அம்மா என்ன சொன்னா" என்று கேட்பதை விடுங்கள். என் பையனிடம் கேட்டீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் பந்தியிலிருந்து எழுந்து போனான். அப்போது அவனுக்கு எட்டு வயது.

அந்தத் தாத்தா மேலும் எனக்குக் கோபம் இல்லை. மகள் அழுததைப் பார்த்தவர் அவர். என் கோபமெல்லாம் படம் எடுத்தவர் மேல். பிள்ளை அழும்போது போனை இன்னும் கிட்டே கொண்டுபோகிறார், முகம் தெளிவாக விழ வேண்டுமாம். ஒரு கையால் அந்தப் பையை வாங்கி ஆட்டோவில் வைத்திருக்கலாமே.

வீடியோவை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எனக்கு அனுப்பிய ஆறு பேரும் அழித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், பழைய பையோடு.